கிடங்கல் ஏரியில் ஒரு கார்க் கண்ணாடி

ஹலோ... ஹலோ, விழுப்புரங்களா? இன்சூரன்ஸ் கோதண்டபாணி சாருங்களா?... நான்தாங்க, திண்டிவனம் வாடகைக் காரு தாண்டவராயன்... ஆமாங்க, ஆமா, முன் கண்ணாடி போச்சுன்னு காயிதம் போட்டேனே, அதே காருதான்... மல்லாக்கொட்டை மண்டி போன்லேருந்து பேசறேன். எக்சேஞ்சுல மூணு நிமிஷந்தான் குடுத்திருக்காங்க.

இல்லைங்க, லாரி இடிக்கல... கல்லும் இல்லைங்க. தேங்கா... தேங்காதாங்க. போன வெள்ளிக்கிழமை மொத சவாரி மயிலத்துக்கு. எப்பவும்போல காருக்குக் கற்பூரம் காட்டி, எதுர்ல தேங்கா உடைச்சேன். ஓடு ஒண்ணு தெறிச்சு நேரா கண்ணாடியில... ஆமாங்க, நானேதான் உடைச்சேன்... இல்ல சார், இருங்க. நான் உடைச்சது தேங்காயைத்தான்.

இன்னாங்க?... சொந்தக்காரனே பண்ணினா ஆக்சிடெண்ட்ல வராதா?... வேணும்னு பண்ணலீங்களே. சாமிக்குப் பண்ணது... சாட்சிக்கு மயிலம் முருகனைக் கூட்டியாரவா? சிரிக்காதீங்க சார், வயிறு எரியுது.

விரிசலா? ஒரு சாண் இருக்கும். மூலையில... அப்படிங்களா? பாண்டிச்சேரியில அதை ஒட்டித் தர்ற ஆளு இருக்காரா?...

அந்தக் கண்ணாடி இப்ப எங்கிட்ட இல்லைங்க... இல்லைன்னா, இல்லைங்க. விரிசல் விட்ட கண்ணாடி அபசகுனம், அதை வச்சுக்கினு ஓட்டக் கூடாதுன்னு அஞ்சம்மா ஒரே அழுகை. எங்க சம்சாரங்க. அன்னிக்கே கழட்டி, சுத்தியால தட்டி, கூடையில அள்ளிக்கினு போய்க் கிடங்கல் ஏரியில கொட்டிட்டேன்... ஆமாங்க, பூராவும்... கரையில இல்ல, ஆளுங்க கால்ல குத்துமேன்னு மதகாண்ட ஆழத்துல.

சரிங்க... சரி, சரி... திட்டுங்க.

புதுசுக்கு?... சீமையிலேருந்து வரணும். ஜெர்மன்காரன் சண்டை முடியட்டும்னா, அது எப்ப சார் முடியும்?... ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்.

திங்கக்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் வர்றாருங்க. முன் கண்ணாடி இல்லாம சர்ட்டிபிகேட் குடுக்க மாட்டாரு. அது இல்லாட்டி வண்டியை ஓட்ட முடியாது. அந்த ஒத்தக் காருதாங்க எனக்கு... பலகை அடிச்சா ஆவுமான்னு கேட்டுட்டேன். போய்யான்னுட்டாரு.

ஹலோ?... இருக்கேன், இருக்கேன்... ஒரு துண்டா? கையகலக் கண்ணாடித் துண்டு ஒண்ணு அத்தாட்சிக்குக் கொண்டாந்தா மேலாபீசுக்கு எழுதுவீங்களா?... எழுதினா குடுப்பாங்களா?... சொல்ல முடியாது. சரிங்க... துண்டு இல்லாட்டி காயிதத்தையே பாக்க மாட்டாங்க. புரியுதுங்க.

காலம்பற இறங்கிப் பாக்கறேன்... ஆழந்தான், கார்த்திகை மழையில ஏரி ரொம்பிக் கிடக்கு... அதுக்கில்லைங்க, நீச்சல் தெரியும். நான் கேக்கறது, தண்ணிக்குள்ள கண்ணாடி கிடந்தா கண்ணுக்குத் தெரியுமா சார்?...

ஹலோ?... எக்சேஞ்சுங்களா? இன்னும் அரை நிமிஷங்க, ஒரே ஒரு வார்த்தை... ஹலோ... சார், தெரியுமான்னு கேட்டேங்க...