புதுமுகம் எழுதவில்லை

— பத்தொன்பது நாளாச்சுங்க. தினமும் எழுதிட்டிருந்தவ, திடீர்னு ஒரு வரிகூட இல்லாம நின்னுபோனா என்ன அர்த்தம்?

— பரீட்சை நேரம், டீச்சர். விடைத்தாள் திருத்திக்கிட்டு இருப்பா.

— பரீட்சை முடிஞ்சு ஒரு வாரம் ஆகுது. அந்தத் துண்டை இப்படிக் குடுங்க. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கு.

— நிஜமாவே கிளம்பறியா? எட்டு மணி நேரம் பஸ்ல உட்கார்ந்து? கட்டின புருஷனை விட்டுட்டு, பேர்கூடத் தெரியாத ஒருத்திக்காக?

— புதுமுகம்னு பேர் இருக்கே.

— அது பேரா? கம்ப்யூட்டர்ல வச்சுக்கிட்ட பேரு.

— இன்டர்நெட்ல நான் எழுதற பிளாக்குக்கு வர்ற டீச்சர்ல பாதிப் பேர் அப்படித்தான். ஸ்கூலுக்கு ஸ்மார்ட் போர்டைக் கொண்டுவந்து சுவத்துல மாட்டிட்டுப் போயிடறாங்க. அதை வச்சு எப்படிப் பாடம் நடத்தறதுன்னு சொல்லிக்குடுக்க ஆள் இல்ல. சொந்தப் பேர்ல கேட்டா ஹெச்.எம். கண்ணுல பட்டுடும்னு பயம். அதான் ஆளுக்கொரு புனைபேர்ல வந்து என்கிட்ட கேட்கறாங்க.

— கேட்கட்டும். பதில் போடு. நேர்ல போய் நிக்கணுமா?

— மத்தவங்க மாதிரி இல்லைங்க இவ. சின்னப் பொண்ணு. முதல் வேலை, ஆறாங்கிளாஸ். போர்டைத் தொட்டா அம்புக்குறி ஒரு சாண் தள்ளிப் போய் நிக்குமாம், பிள்ளைங்க சிரிக்குமாம். பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்னு எழுதியிருந்தா. அப்படி ஒருத்தி சத்தமில்லாம போனா நான் சும்மா இருக்க முடியுமா?

— ஒண்ணும் ஆகியிருக்காது.

— உங்களுக்கென்ன தெரியும்? அவ எழுதியிருந்த ஊர்ல மூணு ஸ்கூல். ரெண்டு ஸ்கூலுக்குப் போன் போட்டேன், அப்படி யாரும் இல்லைன்னுட்டாங்க. மூணாவதுல எடுக்கவே இல்ல. போய் விசாரிச்சுட்டு, ஆள் இல்லைன்னா போலீஸ்ல எழுதிக் குடுத்துடுவேன்.

— போலீஸா? கொஞ்சம் உட்காரு, டீச்சர்.

— உட்கார நேரமில்லைங்க.

— அவ அந்த ஊர்ல இல்ல.

— என்ன சொல்றீங்க?

— எந்த ஊர்லயும் இல்ல. நான்தான் எழுதினேன். அவ்வளவுதான் விஷயம்.

— விளையாடற நேரமா இது?

— போன மாசம், உங்க கையெழுத்தைப் பாக்கணும் போல இருக்குன்னு அவ கேட்டா. நீ கரும்பலகையில எழுதிப் போட்டோ பிடிச்சு அவளுக்கு மட்டும் அனுப்பின. பயப்படாதே, நான் இருக்கேன்னு. இந்தா என் போன். பாரு.

— என் கையெழுத்துதான். எத்தனை நாளா?

— ஒன்பது மாசம்.

— ஒன்பது மாசமா? நான் ஹால்ல லேப்டாப் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன், நீங்க பின்கட்டுல...

— பின்கட்டுல போனை வச்சுக்கிட்டு. நடுவுல ஒரு சுவர்.

— ஏங்க? என்னை முட்டாளாக்கிப் பாக்கணும்னா?

— சத்தியமா இல்ல. ரிட்டயர் ஆகற வரைக்கும் என் வேலை என்ன? லிஃப்ட் மெக்கானிக். நடு மாடியில நின்னுபோன லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்ட வெளியில நின்னு பேசிக்கிட்டே இருக்கணும். இதோ ஆச்சு, இதோ திறந்துட்டேன்னு. பேசிப் பேசியே பழகின வாய். வீட்டுக்கு வந்தப்புறம் அந்த வாய்க்கு வேலையே இல்ல. நீ காலையில போனா சாயங்காலம் வருவ. வந்ததும் பிளாக். அப்படி அதுல என்னதான் இருக்குன்னு ஒருநாள் மத்தியானம் திறந்தேன். முந்நூத்திச் சொச்சம் பதிவு. ஒரு வாரத்துல எல்லாத்தையும் படிச்சேன்.

— எல்லாத்தையுமா?

— எல்லாத்தையும். நல்லா எழுதறீங்கன்னு ஒரு வரி போடலாம்னு பாத்தேன். பேர் கேட்டுச்சு. புதுமுகம்னு அடிச்சேன். அன்னைக்குச் சாயங்காலமே நீ பதில் போட்டிருந்த. நன்றி டீச்சர், நீங்க எந்த வகுப்பு எடுக்கறீங்கன்னு. என்னைப் போய் டீச்சர்னு.

— புதுசா வர்ற எல்லாரையும் அப்படித்தான் கேட்பேன்.

— தெரியும். ஆனா ஒரு வருஷத்துல நீ என்னைக் கேட்ட முதல் கேள்வி அது.

— அநியாயமா பேசாதீங்க. சாப்டீங்களான்னு தினமும் கேட்கறேனே.

— அது கேள்வியா? நான் வாயைத் திறக்கறதுக்குள்ள தட்டை எடுத்துக்கிட்டுப் போயிடுவ.

— அதுக்காக? ஒரு பொண்ணையே உண்டாக்குவீங்களா?

— பொண்ணுன்னு நான் எங்க சொன்னேன்? சின்னப் பொண்ணுன்னு நீயே முடிவு பண்ணின. நான் மறுக்கல, அவ்வளவுதான். ஆறாங்கிளாஸைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? மத்தவங்க உன்கிட்ட கேட்டதையே கொஞ்சம் மாத்திக் கேட்டேன்.

— அதானா! என்னடா இது, சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்கறாளே, கொஞ்சம் மந்தம் போலன்னு நினைச்சேன். பாவமா இருந்துச்சு. அதனாலயே அவளுக்கு மட்டும் பக்கம் பக்கமா எழுதினேன்.

— பக்கம் பக்கமாத்தான் எழுதின. ரெண்டு ரெண்டு தடவை படிச்சேன்.

— எத்தனை பொய்ங்க! குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்னு எழுதினீங்களே, அன்னைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடல.

— அது பொய் இல்ல.

— என்னது?

— அதை மட்டும் மாத்தாம எழுதினேன். நம்ம பாத்ரூம்தான்.

— எப்போ?

— விடு. முடிஞ்சுபோச்சு.

— அப்போ நான் உங்களைப் பத்தி எழுதினதும்...

— படிச்சேன். எங்க வீட்ல ஒருத்தர் இருக்கார், டிவிக்கு முன்னாடி இன்னொரு நாற்காலி மாதிரி இருக்கார்னு எழுதியிருந்த.

— ஐயோ.

— அடுத்த நாளே டிவியை நிறுத்திட்டேன். நீ கவனிக்கல.

— கவனிச்சேன். ரிப்பேர்னு நினைச்சேன்.

— ரிப்பேரான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

— கேட்டிருக்கலாம். தோணல. ஒண்ணு சொல்லட்டா? ஸ்டாஃப் ரூம்ல என் பக்கத்து நாற்காலி எப்பவும் காலியாத்தான் கிடக்கும். இவ ஸ்மார்ட் போர்டுல நடத்தறதால நம்மளையும் நடத்தச் சொல்றாங்கன்னு எல்லாருக்கும் என் மேல எரிச்சல். நான் உள்ள வந்தா பேச்சு நின்னுடும். பிளாக்ல நாலாயிரம் பேர் இருக்காங்க, இல்லைங்கல. வேணும்கறதைக் கேட்டு வாங்கிட்டுப் போயிடுவாங்க. நீங்க இன்னைக்கு எப்படி இருக்கீங்கன்னு கேட்டவ அவ ஒருத்திதான். அவளுக்காகத்தான் சாயங்காலம் மணி அடிச்சதும் வீட்டுக்கு ஓடி வருவேன்.

— வீட்டுக்குத்தானே ஓடி வந்த. நான் இங்கதானே இருந்தேன்.

— அது எனக்குத் தெரியாதே!

— தப்புத்தான். காலைப் பிடிக்கச் சொன்னாலும் பிடிக்கறேன்.

— அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?

— நேர்ல வந்து பாக்கட்டுமான்னு கேட்டுட்டியே. என்ன பதில் எழுதறது? வேண்டாம்னு எழுதினா நீ வருத்தப்படுவ. வாங்கன்னு எழுதினா போய் நிப்ப. போனை எடுத்து எடுத்துக் கீழ வச்சேன்.

— போயும் போயும் அந்த ஊரை ஏன் சொன்னீங்க?

— அங்க ஆஸ்பத்திரியில லிஃப்ட் மாட்டறதுக்கு மூணு மாசம் தங்கியிருந்தேன். நமக்குத் தெரிஞ்சதுலயே தூரமான ஊர் அதான். அவ்வளவு தூரம் நீ போகமாட்டேன்னு நினைச்சேன்.

— மகளைக் கட்டிக் குடுத்தப்போகூட எனக்கு இப்படி இல்லைங்க. இவ இப்போ செத்தும் போகல, உசிரோடயும் இல்ல. யாருக்காக அழறதுன்னுகூடத் தெரியல.

— அழாத. நான் இருக்கேன் இல்ல? இனிமே எதுவானாலும் நேராவே கேட்கறேன். இன்னைக்கு எந்தக் கிளாஸ், யார் சிரிச்சா, யார் அழுதா, எல்லாம் கேட்கறேன். பையைப் பிரி. டிக்கெட்டை இப்பவே ரத்து பண்ணிடறேன்.

— ரத்து பண்ணாதீங்க.

— ஏன்? அங்க இனிமே யாரைப் பாக்கப் போற?

— உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். போய்ச் சேர்ந்துட்டு போன்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

— என்ன டீச்சர்?

— நான் பாத்துட்டுத் திரும்பி வர்றதுக்குக் கிளம்பலைங்க. தனியாக் கிடக்கறாளே, பக்கத்துல நான் இருந்தா அவளுக்குத் தெம்பா இருக்கும்னு, ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு அந்த ஊருக்கே மாற்றல் வாங்கிட்டேன். திங்கட்கிழமை காலையில அங்க வேலையில சேரணும்.