ஏலத்துக்குப் போய்வந்த பென்டிரைவ்

காது கொடுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். குரங்கணி பஸ்சில் முன்சீட்டுப் பெண்களில் மூத்தவள் ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டுப் பென்டிரைவு போடி ஏலக்கா ஏலத்துக்குப் போயிட்டு வந்துருச்சுடி."

"என்னக்கா சொல்றீக?"

"மக சர்டிபிகேட்டு, போட்டோ, ஜாதகம் எல்லாம் அதுலதான். மழை ஈரம் படக் கூடாதுன்னு காஞ்ச ஏலக்காப் பைக்குள்ள போட்டு வச்சேன். உங்கண்ணன் அந்தப் பையையே சாம்பிளுக்குக் கொண்டுபோயிட்டாரு."

"ஐயையோ! கெடைச்சுச்சா?"

"காய் பாத்த யாவாரி கையில மாட்டிருக்கு. யாருதுன்னு போட்டுப் பாத்துட்டு, நேத்து வீட்டுக்கே கொண்டாந்து குடுத்தாரு."

"காயை எடுத்துக்கிட்டாரா?"

"சிறுசா இருக்குன்னு வேண்டான்னுட்டாரு."

"பெறகு பென்டிரைவுக்காகவா அம்புட்டுத் தூரம் வந்தாரு?"

மூத்தவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"அவரு மகன் போட்டோவையும் ஜாதகத்தையும் அதுலயே ஏத்திக் கொண்டாந்திருக்காரு."