மூன்று மில்லிமீட்டர்

இந்த மேசையின் ஒரு கால் கொஞ்சம் குட்டை. நீங்கள் என் வாக்குமூலத்தை எழுதும்போதெல்லாம் ஆடுகிறது. ஒரு தாளை நாலாக மடித்துக் கொடுத்தால் நானே சரி செய்துவிடுவேன் ஐயா. இந்த மாதிரி சின்ன விஷயங்கள் கண்ணில் பட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. தேசிய ஆய்வுக்கூடத்தின் அளவைப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டு இருந்தவனுக்கு அந்த வியாதி இல்லாமல் போகுமா?

எங்கள் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் மருத்துவமனை ஒவ்வொன்றிலும், எவ்வளவு கதிர் வருகிறது என்று பார்க்க ஒரு சின்னக் கருவி இருக்கும். அந்தக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். எங்கள் கீழ்த்தளத்தில் ஒரு ஈயப் பெட்டிக்குள் கதிர் வீசும் பொருள், அதாவது கதிர் மூலம், இருக்கிறது. அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு மேடை. ஒரு மீட்டரில் எவ்வளவு கதிர் விழும் என்பது எங்களுக்குத் தெரியும். மருத்துவமனைக் கருவியை ஆண்டுக்கொரு முறை அந்த மேடையில் வைத்துப் பார்த்து, சான்றிதழ் கொடுப்போம். கீழே என் கையெழுத்து. அறுபத்திரண்டு மருத்துவமனைகள் அதை நம்பித்தான் நோயாளிகளுக்குக் கதிரை அளந்து கொடுத்தன.

புதுக் கட்டடத்துக்கு மாறியபோது அந்த மேடையை நிறுத்தியவன் நான். பெட்டியின் முன்தகட்டிலிருந்து ஒரு மீட்டர் அளந்தேன். கதிர் மூலமோ தகட்டுக்கு நான்கு சென்டிமீட்டர் உள்ளே இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. நாங்கள் சொன்னதைவிட நூற்றுக்கு ஏழரை குறைவாகத்தான் மேடையில் கதிர் விழுந்தது. ஏழரை என்றதும் உங்கள் எழுத்தர் சிரிக்கிறார். ஏழரையைக் கூட்டியவன் நான்தான், மறுக்கவில்லை.

குறைந்த கதிரையே முழு அளவு என்று கருவிகளுக்குச் சான்று கொடுத்ததால், அந்த ஏழரை அப்படியே நோயாளிகளுக்குப் போனது. மருத்துவர் எழுதியதைவிட ஒவ்வொருவருக்கும் அவ்வளவு குறைவு. கூடிப்போயிருந்தால் தோல் வெந்து ஒரே மாதத்தில் ஊர் இரண்டுபட்டிருக்கும். குறைந்தால் சத்தமே வராது. புண் குறைவு, வலி குறைவு. புதுச் சான்றிதழ் வந்த பிறகு நோயாளிகள் நன்றாகத் தாங்குகிறார்கள் என்று ஒரு மருத்துவர் போனில் பாராட்டக்கூடச் செய்தார். கட்டி மட்டும் முழுதாகச் சாகாது. ஓராண்டு, ஈராண்டு கழித்துத் திரும்பி வரும். அப்போது எல்லாரும் நோயைத்தான் திட்டுவார்கள்.

ஓராண்டு கழித்து, வேறு எதற்கோ பெட்டியின் வரைபடத்தை எடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதே வாரம் எங்கள் புதிய அளவீட்டு மேடையை ஆய்வுக்கூடத்தின் பெரிய சாதனையாக இயக்குநர் ஒரு விழாவில் அறிவித்திருந்தார். என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். சொல்லியிருக்கலாம். சொன்னால் அறுபத்திரண்டு இடங்களிலும் சிகிச்சை நின்றுபோகும், மக்கள் மருத்துவமனைக்கு வரவே பயப்படுவார்கள் என்று நினைத்தேன். என் பெயர் நாறிப்போகும் என்றும் நினைத்தேன். அதை இரண்டாவதாகத்தான் நினைத்தேன்.

அதனால் மெதுவாகத் திருத்த முடிவு செய்தேன். ஆறு மாதத்துக்கொரு முறை, சனிக்கிழமை பிற்பகல், பிரிவில் ஆள் இல்லாத நேரத்தில் நான்கு திருகாணிகளைத் தளர்த்தி, மேடையை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக முன்னே தள்ளுவேன். அரை சதவீதம் சரியாகும். எங்கள் அளவு ஒரு சதவீதம் முன்பின் இருக்கலாம் என்று சான்றிதழிலேயே அச்சடித்திருப்பதால் யாரும் கேட்க மாட்டார்கள். பதினைந்து முறை தள்ளினால் வேலை முடிந்தது. அவ்வளவு நுட்பமான வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

நான்கு முறை தள்ளியிருந்தேன். அப்போதுதான் அக்காவுக்குத் தொண்டையில் வந்தது.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். தையற்காரி. அம்மா அப்பா போன பிறகு தையல் இயந்திரத்தை மிதித்து மிதித்தே என்னைப் படிக்க வைத்தவள். துணியைத் தப்பாக வெட்டிவிட்டால் அன்றைக்கே வாடிக்கையாளர் வீட்டுக்கு நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வருவாள். திட்டு வாங்கிக்கொண்டு வந்து, சிரித்துக்கொண்டே சோறு போடுவாள். எனக்கு இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை.

ஆரம்ப நிலை என்றார் மருத்துவர். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குச் சரியாகிவிடும் என்றார். முப்பத்து மூன்று நாள் கதிர். அந்த மருத்துவமனையின் கருவி இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் எங்கள் மேடைக்கு வந்துபோயிருந்தது. இன்னும் ஐந்தரை சதவீதம் குறை அதில் பாக்கி.

அங்கே இயற்பியலாளராக ஒரு பெண் இருந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். முதல் நாள் நடைபாதையில் அவருக்கு எதிரே போய் நின்றேன். அக்காவுக்கு மட்டும் ஐந்தரை கூட்டிக் கொடுங்கள் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

"என்ன சார், ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

"இல்லம்மா. எங்க அக்கா. பாத்துக்குங்க."

"உங்க கையெழுத்துலதான் சார் எங்க மெஷினே ஓடுது. கவலைப்படாதீங்க."

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். சொன்னால் ஏன் என்று கேட்பார், விஷயம் வெளியே வரும். அது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் நியாயம் ஐயா. அதே வரிசையில் அன்று இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் அக்காவுக்கு ஒரு அளவு, ஊரார் அக்காவுக்கு ஒரு அளவா? அளவைத் துறையில் வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்கக் கூடாது. நான் பார்க்கவில்லை.

முப்பத்து மூன்று நாளும் நானே அழைத்துப்போனேன். கதிர் அறையின் கதவில் எங்கள் சான்றிதழை ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் அக்கா அதைக் காட்டுவாள். "என் தம்பி கையெழுத்துங்க அது. வளைச்சு வளைச்சுப் போடுவான், சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்." கடைசி நாள் திரும்பும்போது வண்டியில் சொன்னாள்: "எல்லாருக்கும் தொண்டை வெந்து தண்ணிகூட எறங்கலங்கறாங்க. எனக்குப் பெருசா ஒண்ணுமே ஆகலடா. எல்லாம் உன் கைராசி." நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பதினான்கு மாதத்தில் திரும்பி வந்தது. குரல்வளையை எடுத்தார்கள். அதன் பிறகு அக்கா நோட்டில் எழுதித்தான் பேசினாள். சுண்ணாம்புக் கட்டியால் துணியில் கோடு போடுகிற மாதிரி, பேனாவை அழுத்தி எழுதுவாள். கடைசியாக எனக்கு எழுதியது இதுதான்: "டாக்டர்கிட்ட சண்டைக்குப் போகாதே. அவங்க சரியாத்தான் குடுத்தாங்க."

அவள் இறந்த வாரத்துச் சனிக்கிழமையும் என் முறை நாளாக இருந்தது. போய்த் திருகாணிகளைத் தளர்த்தினேன். மேடையில் தலையை வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதேன். மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் தள்ளினேன். அளவு பிசகவில்லை.

பதினைந்தாவது முறையும் முடிந்தது. அடுத்த ஆண்டு பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் தங்கள் அளவுகளை ஒப்பிட்டபோது எங்களுடையதுதான் மிகத் துல்லியம் என்று வந்தது. மறுபடி கைதட்டல். இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை பேருக்கு நோய் திரும்பியிருக்கும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பொறுப்புள்ளவன் போட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா. நான்கு இலக்க எண் வருகிறது. அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பிடித்தவர் அந்த இயற்பியலாளர்தான். பன்னிரண்டு மருத்துவமனைகளின் பழைய சான்றிதழ்களில் இருந்த எண்களைச் சேர்த்து ஒரே தாளில் கோடு வரைந்து எடுத்து வந்தார். "கருவி கெட்டா ஏறும் எறங்கும் சார். இது பன்னெண்டும் ஒரே சாய்வுல எறங்குது. யாரோ கையால எறக்கியிருக்காங்க." அப்புறம் கேட்டார்: "உங்க அக்காவுக்குக் குடுக்கறப்போ உங்களுக்குத் தெரியுமா சார்?"

தெரியும் என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். கோடு மிக நேர்த்தியாக இருந்தது. அதையும் அவரிடம் சொன்னேன்.

நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் நான் சொன்னபடி இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறேன். மூன்றாம் பக்கத்தில் மட்டும் அக்காவுக்கு முப்பது நாள் கதிர் என்று இருக்கிறது. முப்பத்து மூன்று. நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் இப்போதே திருத்திவிடுங்கள் ஐயா. தப்பு என்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடுவது எங்கள் குடும்பத்துப் பழக்கம்.