கண்ணு வைக்காத ஊருணிச் சுவரு

நான் பாத்ததில்ல. பாத்தவுகளப் பாத்தவுக சொன்னது. கூட்டியும் சொல்லல, கொறச்சும் சொல்லல. நடுவுல யாரும் எந்திரிச்சுப் போகாம இருந்தாச் சொல்றேன்.

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, நம்ம பக்கம் ரயிலு வாறதுக்கும் முந்தி, இந்த முள்ளிக்குடியில சடச்சின்னு ஒரு பொம்பள இருந்தாளாம். நம்ம கீழத்தெருக்காரி. சூளையில சுட்டு எடுக்குற மண்ணுக் குதிரைக்குச் சாயம் பூசுறது அவ வேல. சுண்ணாம்பு வெள்ள, செங்காவி, கரிமை, இந்த மூணுதான் அவகிட்ட இருந்த சாயம். அத வச்சுக்கிட்டு அவ பூசுற குதிரையப் பாத்தா, வண்டி மாடு மெரண்டு ஒதுங்குமாம். எல்லாம் பூசி முடிச்சுக் கடைசியாத்தான் கண்ணு வைப்பா. கண்ணு வைக்கிற வரைக்கும் அது மண்ணு. வச்சாத்தான் சாமி. அன்னைக்கும் அதான் வழக்கம், இன்னைக்கும் அதான்.

அப்ப ஊருக்குக் குடிதண்ணி இந்த ஊருணி ஒண்ணுதான். சுத்தியும் மதிலு, ஒரே வாசலு. அந்த வாசலுக்குள்ள மேலத்தெருக் கொடம் போகும். வெளியூரு காக்கா கூட எறங்கிக் குடிக்கும். நம்ம கொடம் போகாது. நம்மாளுக ரெண்டு மைலு நடந்து, ஓடையில ஊத்துத் தோண்டி, செரட்டையால மோந்து மோந்து ஊத்திக்கிட்டு வரணும்.

ஒரு வருசம் மழ சுத்தமா இல்ல. ஓடையில ஆளு மறையத் தோண்டியும் ஈரம் காணலையாம். அப்பத்தான் நம்ம தெருவுல மூணு பொம்பளைக எந்திரிச்சாக. ஒச்சாயி, இருளாயி, வெள்ளச்சி. ஒச்சாயி சடச்சிக்குக் கூடப்பொறந்த அக்கா. மூணு பேரும் வெறுங்கொடத்தத் தூக்கிக்கிட்டுப் போயி ஊருணி வாசல்ல உக்காந்துட்டாக.

"எங்க தெருவுக்கும் ஒரு பங்கு தண்ணி விடுங்கய்யா. விட்டாத்தான் எந்திரிப்போம்" அப்பிடின்னாளாம் ஒச்சாயி.

நாட்டாம மீசையத் தடவிக்கிட்டுச் சொன்னாராம், "இன்னைக்கு ஊத்துனா நாளைக்குப் பழக்கம்பீக. நாளைக்கழிச்சுப் பாத்தியதம்பீக. ஒரு சொட்டு ஊத்தப்படாது."

மொதநா உக்காந்தாக, ஊத்தல. ரெண்டாம்நா உக்காந்தாக, ஊத்தல. மூணாம்நா உக்காந்தாக, சித்திர வெயிலு, ஊத்தல. மேலத்தெருப் பொம்பளைக நெறகொடத்தோட அவுகளச் சுத்திப் போனாக, சுத்தி வந்தாக. நாலாம்நா வெள்ளச்சி சாஞ்சா. பொறகு இருளாயி. ஒச்சாயி கடைசி. சடச்சி ஓடிப்போயி அக்காளத் தூக்கையில, மடியில இருந்த மண்கொடம் உருண்டு வாசப்படியில மோதி ஒடஞ்சதாம். ஒரு சொட்டு சிந்தல.

சரி, செத்தாக, பொதச்சாச்சு, முடிஞ்சதுன்னு மேலத்தெரு நெனச்சுது. ஆடி மாசம் அவுக மாட்டுக்கெல்லாம் கோமாரி வந்துருச்சு. தெனம் ரெண்டு மாடு விழுகுது. சாமியாடிட்டக் கேட்டாக. அவரு ஆடி ஆடிச் சொன்னாராம், "மூணு பேரு இன்னும் வாசல்லதாண்டா உக்காந்திருக்காக. சாமியா வச்சுக் கும்புடுங்கடா."

மேலத்தெருவே நடுங்கிப் போச்சு. ஊருணி மதிலு வெளிப்பக்கம், வண்டிப்பாதையப் பாக்க, மூணு பேரையும் ஆளு ஒசரத்துக்குப் படமா எழுதிப்புடுறதுன்னு முடிவு பண்ணுனாக. எழுதலாம், மூஞ்சி எப்பிடி இருக்கும்? மேலத்தெருவுல ஒருத்தருக்கும் தெரியல. நாலுநா வாசல்லயே கெடந்தவுகள ஒருத்தனும் நிமிந்து பாக்கலையே. அதனால சடச்சியக் கூப்புட்டு விட்டாக.

சுண்ணாம்பு கொழைக்க ஊருணித் தண்ணி நாப்பது கொடம் கொண்டாந்து கொட்டுனாகளாம். சடச்சி அதப் பாத்துக்கிட்டே நின்னாளாம். "எங்கக்கா கேட்டது இதானடா" அப்பிடின்னு வாய்விட்டு அழுதாளாம். அழுதுக்கிட்டே பூசுனா. ஒச்சாயி மூக்குத் தழும்பு, இருளாயி காதுத் தண்டட்டி, வெள்ளச்சி எடுப்பான பல்லு, ஒண்ணு விடல. கண்ணு மட்டும் பாக்கி.

அந்தக் கண்ணு நம்ம கையில இருக்கு, அத வச்சுத் தண்ணிய வாங்கிப்புடலாம்னு கணக்குப் போட்டா சடச்சி. வேற எவனும் வந்து கண்ணு வச்சிரக் கூடாதுன்னு, கண்ணு இருக்க வேண்டிய ஆறு எடத்துலயும் வெளக்கெண்ணையத் தொட்டுத் தொட்டுத் தேச்சுவிட்டா. எண்ண எறங்குன சுண்ணாம்புல சாயம் புடிக்காது. தண்ணி விட்டாங்கன்னா அத மட்டும் சொரண்டிட்டுப் புதுசாப் பூசிக்கிரலாம்னு நெனப்பு.

கண்ணு வைக்கிற நாளு. கொட்டு, பொங்கலு, ஊரே கூடி நிக்கிது. சடச்சி கரிமையக் கீழ வச்சுட்டா.

"கீழத்தெருவுக்குத் தண்ணி விடுங்க சாமி. கண்ணு வைக்கிறேன்."

"மொதல்ல கண்ண வையி. பெறகு பேசுவோம்."

"தண்ணி விடுங்க. வைக்கிறேன்."

நாட்டாமைக்குக் கோவம். மேக்க இருந்து வேற ஒரு ஆளக் கூட்டியாந்தாரு. அவன் வச்ச மை நிக்கல. வச்சான், வழிஞ்சுது. திரும்ப வச்சான், திரும்ப வழிஞ்சுது. கூட்டம் பயந்துபோச்சு. சடச்சி நெஞ்சுக்குள்ள, இந்தா தண்ணி விட எறங்கி வரப்போறாக, இந்தா எறங்கி வரப்போறாகன்னு அடிச்சுக்கிது.

எறங்கி வரல. கோமாரி தன்னால வந்துச்சு, தன்னால போச்சு. கும்புட்டதுலதான் போச்சுன்னு ஊரே சொல்லுச்சு. நாட்டாம சுவத்து முன்னாடி நின்னுச் சிரிச்சாராம். "கண்ணு இல்லாட்டி என்னப்பா? பூசைய வாங்கிக்கிருது. நம்ம வாசலப் பாக்காத சாமிதான் நமக்கு வசதி."

அதச் சடச்சி கேட்டுட்டா. அப்பத்தான் அவளுக்கு ஒறச்சுது. மறுநாக் கருக்கல்ல ஓடிப்போயி எண்ணையச் சொரண்டுனா. சாம்பலப் போட்டுத் தேச்சா, சீயக்காயப் போட்டுத் தேச்சா. எண்ண உள்ள எறங்கிருச்சு. செங்கல்லு தெரியச் சொரண்டிப் புதுச் சுண்ணாம்ப அப்புனா. காஞ்சதும் பொத்துன்னு விழுந்துச்சு. அவ தேச்ச எண்ண, அவளாலயே எடுக்க முடியல.

"தண்ணியும் வாங்கித் தரல, பார்வையவும் புடுங்கிப்புட்டேனே அக்கா" அப்பிடின்னு அந்தச் சுவத்துல முட்டிக்கிட்டு அழுதாளாம். அதுக்கப்பறம் அவ ஒரு குதிரைக்கும் கண்ணு வைக்கலையாம். ஓடைக்குப் போகையில தெனமும் வெறுங்கொடத்தோட அந்தச் சுவத்துக்கிட்ட நிப்பாளாம். "அக்கா, இன்னும் விடல" அப்பிடின்னு சொல்லிட்டுத்தான் நடப்பாளாம். சாகுற வரைக்கும் சொன்னா. அவளுக்குப் பெறகு அவ மருமக சொன்னா.

இன்னைக்கும் ஊருணிக்குப் போனீகன்னா அந்த மூணு பேரையும் பாக்கலாம். வருசா வருசம் வெள்ள, காவி பூசுறாக. ஆறு கண்ணும் செங்கல்லு தெரியிற ஆறு குழியாத்தான் இருக்கு. பஞ்சாயத்துல கம்பி வேலி கட்டி, ஊரு காத்த பெண்மணிகள்னு போர்டு மாட்டிருக்காக. வெளியூருக்காரவுக கார நிறுத்திப் போட்டோ புடிக்கிறாக. நம்ம தெருவுக்கும் போன தையில கொழா நட்டாக. தொறந்தாக் காத்துதான் வருது.

நம்ம தெருவுக்கு வாக்கப்பட்டு வாற பொண்ணு, மொதக் கொடத்துக்குப் போகையில மாமியாக்காரி அந்தச் சுவத்துக்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போயி, அந்த வார்த்தையச் சொல்ல வச்சுத்தான் கூட்டிப் போவா. ஏன்னு கேக்குறீக. அவுகளுக்குக் கண்ணு தெரியாதுல்ல, நாமதான சொல்லணும்.

இன்னைக்குக் காலையிலயும் பிளாஸ்டிக் கொடத்தோட நின்னு, இன்னும் விடலக்கான்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.