கஜனி டீச்சர் கரைக்கச் சொன்ன இயந்திரங்கள்

இந்த இரங்கல் கூட்டத்தை நடத்தித்தரும் மன்றத் தலைவர் கந்தப்பன் ஐயா அவர்களே, பெற்ற மகளை எங்களுக்குத் தந்துவிட்டு இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கனகாம்பிகை அம்மா அவர்களே, கொட்டகலையிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

நான் பேச்சியம்மா. வீட்டைப் பார்த்துக்கொள்பவள். அடுப்படியை விட்டு இந்த மேடை வரைக்கும் என்னைக் கூட்டிவந்தவர், நம்மை விட்டுப் போன கணினி ஆசிரியை செல்வி கஜனி அவர்கள்.

இந்த மண்டபத்தின் பக்கத்து அறையில் இருப்பவை மூன்று பழைய கணினிகள். இயங்குதளம் பதியும் பாடத்தில் ஒரு பிள்ளை தவறு செய்தால் கணினி முடங்கும். மற்றப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதற்காக யாரையாவது திட்டினாரா டீச்சர்? இல்லை! கொழும்பில் நலன்விரும்பி ஒருவரின் அலுவலகத்தில் சும்மா கிடந்த லினக்ஸ் சேர்வர் என்ற பெரிய கணினியை, இங்கிருந்தே இயக்கிக்கொள்ள இரவல் கேட்டு வாங்கினார். அந்த ஒரே சேர்வருக்குள், பிள்ளைக்கு ஒன்றாகத் தனித்தனி மெய்நிகர் இயந்திரங்களை, அதாவது நிஜக் கணினி போலவே இயங்கும் மென்பொருள் கணினிகளை, உருவாக்கினார். உடைத்தாலும் பாதகமில்லை, இன்னொன்று செய்துகொள்ளலாம்!

எப்படி உருவாக்கினார்? நமது தொலைபேசி இணைப்பில் படம் வராது, எழுத்து மட்டுமே வரும். அது போதும் என்றார். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை. இயந்திரத்தின் பெயர், அதற்கு எவ்வளவு நினைவகம், வட்டில் எவ்வளவு இடம் என்று எல்லாம் ஒரே வரியில். என்ரர் விசையைத் தட்டினால் கொழும்பில் ஓர் இயந்திரம் பிறக்கும்! "வீட்டில அரிசி அளக்கிற கைதானே அக்கா, இதையும் நீங்களே அளந்து போடுங்கோ," என்று அந்த வேலையை அவரிடம் படித்துக்கொண்டிருந்த என்னிடம் தந்தார்.

அளந்தேன். ஆனால் பெயர் வைப்பதில் ஒரு வேலை செய்தேன். எதையும் சாமி பெயரில்தானே தொடங்குவேன்? முருகன், பிள்ளையார், மாரியம்மன் என்று வரிசையாக வைத்தேன். பாடம் முடிந்தது. எங்கள் அணியின் செய்முறைப் பரீட்சைக்கு வட்டில் இடமில்லை. பழையவற்றை நீக்க வேண்டும். முதலில் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கான ஆங்கிலக் கட்டளையே 'டெஸ்ட்ரோய்', அதாவது அழி. பக்கத்திலேயே பெயரையும் எழுத வேண்டும்!

"டீச்சர், முருகன அழின்னு நானே எழுதணுமா? கை வராதுங்க," என்றேன்.

பின்னால் இருந்த என் வகுப்புத் தோழி லெட்சுமி விடவில்லை. "அடுத்த மெஷினுக்கு உங்க வீட்டுக்காரர் பேர வைங்கக்கா, கை தானா வரும்!"

அறையே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, பூசைக்கு மஞ்சளில பிள்ளையார் பிடிப்பீங்களோ?"

"பிடிப்பேன்."

"பூசை முடிஞ்சா?"

"தண்ணில கரைப்போம்."

"அப்ப பிள்ளையார் இல்லாமல் போயிட்டாரோ?"

"அதெப்படிப் போவாரு? அடுத்த பூசைக்குப் புதுசாப் பிடிப்போம்ல!"

"அங்க கிடக்கிறதும் மஞ்சள்தான் அக்கா. கரைச்சாத்தான் அடுத்த பிள்ளைக்குப் பிடிக்கலாம்."

கும்பிட்டேன். கட்டளையை அடித்தேன். அன்று முதல் எங்கள் இயந்திரங்களுக்குக் கரட், லீக்ஸ், போஞ்சி என்று காய்கறிப் பெயர்கள்தான். அந்தப் பரீட்சையில் எங்கள் அணி முழுவதும் சித்தியடைந்தது! என்னைக் கேலி செய்த லெட்சுமி இன்று ஹட்டனில் ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பராமரிக்கிறாள். இது யார் கொடுத்த பெருமை? கஜனி டீச்சர் கொடுத்த பெருமை!

இப்போது ஒரு விடயம். சேர்வரில் கஜனி என்ற பெயரில் ஓர் இயந்திரம் இருக்கிறது. டீச்சர் தமக்கென வைத்திருந்தது. அதிலேயே பாடம் தயாரித்தார். வட்டில் பெரும் பங்கு அதற்கே போகிறது. சனிக்கிழமை புதிய அணிக்குப் பரீட்சை. அவர்களுக்கு இயந்திரம் செய்ய இடமில்லை. நேற்றுத் தலைவர் ஐயா சொன்னார்கள்: "அவங்க ஞாபகமா அது அப்படியே இருக்கட்டும் பேச்சியம்மா, கை வச்சிடாதீங்க."

ஐயா, உங்கள் அன்பு எனக்குப் புரிகிறது. எனக்கு மட்டும் அதில் கை வைக்க மனம் வருமா? ஆனால் டீச்சரின் பெயரைக் காப்பாற்றுகிறோம் என்று டீச்சரின் பிள்ளைகளைப் பரீட்சைக்கு வெளியே நிறுத்தலாமா? அவர் எழுதிய பாடங்களையெல்லாம் நேற்றே பிரதி எடுத்து, திறந்தும் பார்த்துவிட்டேன். ஒன்றும் விடுபடவில்லை. மிச்சமிருப்பது மஞ்சள்தான்.

கனகாம்பிகை அம்மா, உங்களைத்தான் கேட்கிறேன். செய்யட்டுமா?

அம்மா சம்மதமாகத் தலையசைக்கிறார்கள். பார்த்தீர்களா ஐயா?

எனவே இந்தச் சபை அறியச் சொல்கிறேன். கூட்டம் கலைந்ததும் பக்கத்து அறைக்குப் போவேன். அம்மா, நீங்கள் என் அருகில் இருங்கள். கும்பிட்டுவிட்டு அந்தப் பெயரை நானே அடிப்பேன். இப்போது கை வரும். அவர் பழக்கிய கை! பிறகு, சனிக்கிழமை வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அளந்து அளந்து ஓர் இயந்திரம் பிடித்து வைப்பேன். சனிக்கிழமை மட்டுமல்ல, இந்த அறைக்குப் பிள்ளைகள் வரும்வரை வைப்பேன்.

முதலாவதன் பெயர் போஞ்சி.