கோட்டைக்கரையில் ஆள் நிற்பதில்லை

...அதத்தான் தம்பி நானும் கேக்குறேன், ஒரு பத்தி எழுத ஒரு வாரமா? கல்லுலயா செதுக்கினான் அந்த ஜோனத்தன்? கேட்டா, "பத்து காவான் ஃபேக்டரில ஷிஃப்ட் மாத்திட்டாங்கக்கா"ன்னான். ஏன், அங்க கையக் கழட்டி வாங்கி வச்சுக்குறாங்களா? உக்காருங்க ஐமான், உக்காருங்க. ஏதோ நேர்ல சொல்லணும்னு பாயான் பாருலருந்து இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, கேக்காமயா போயிடுவேன்? மொதல்ல தே தாரிக் டீயக் குடிங்க, ஆறிடும்.

எங்க வீட்டுக்காரர் லாரன்ஸ் இருக்காரே, "அது என்ன கேமு? யாரும் சுடல, யாரும் ஓடல, எல்லாரும் எழுதிக்கிட்டே இருக்கீங்க"ங்குறாரு. அவருக்கு எங்கருந்து வெளக்குறது? டெலிகிராம்ல ஒரு குரூப்பு. எரநூறு வருஷத்துக்கு முந்தின ஒரு துறைமுகம், கோட்டைக்கரைன்னு, கல்லு கல்லா நானே கட்டுனது. ஆளுக்கொரு வேஷம். நீங்க கப்பல் கேப்டன், ஜோனத்தன் சுங்கத் துரை, ஜோவான் சத்திரக்காரி. ஒருத்தர் ஒண்ணு எழுதினா, அடுத்தவர் தன் வேஷத்துல நின்னு பதில் எழுதணும். அவ்ளோதான்லா! இதுக்கே ஆளு நிக்க மாட்டேங்குது.

நான் என்ன கொற வச்சேன், சொல்லுங்க? தெனம் காலைல வணக்கம் போட்டு ஞாபகப்படுத்துறேன். பதில் வரலன்னா மத்தியானம் இன்னொரு வாட்டி. அப்பவும் வரலன்னா அவங்க அம்மாவுக்கே ஃபோன் போட்டுக் கேக்குறேன். எந்த குரூப்புல கெடைக்கும் இந்த அக்கறை?

ஜோவானப் பாருங்க. சத்திரத்துல விருந்துன்னு அழகா எழுதினா. எழுதினவ, ரசத்துல தக்காளியப் போட்டுட்டா! அந்தக் காலத்துக் கரையில தக்காளிக்கு என்ன வேல? குரூப்புலயே திருத்திக் காட்டினேன். அன்பாத்தான். நாலே பக்கந்தான். பதிலுக்கு ஒரு கட்டவெரல் எமோஜியப் போட்டா, அதோட ஆளையே காணோம். அன்னிக்கு ஆயர் ஈத்தாம் பாசார்ல பாத்தேன், என்னக் கண்டதும் மீன் கடைக்குப் பின்னால போயி ஒளியிறா. பாவம், தப்பு பண்ணுன வெக்கம் போல.

அந்த ஜோனத்தன் குரூப்ப விட்டு வெளியேறுறப்ப என்ன சொன்னான் தெரியுமா? "கிளாடிஸக்கா, எல்லாத்தையும் நீங்களே எழுதிக்குங்க"ன்னான். எவ்ளோ பெரிய மனசு! இப்ப துரையும் நான்தான், சத்திரக்காரியும் நான்தான். நேத்து ரெண்டு பேருக்கும் சண்டை. யாரு பக்கம் பேசுறதுன்னு எனக்கே தெரியல.

மிச்சம் இருக்குறது நீங்க ஒருத்தர்தான் தம்பி. நீங்களும் போயிட்டா, காலைல எனக்கு நானே வணக்கம் போட்டுக்கணும்.

என்ன, ஏதோ சொல்ல வர்றீங்க... இருங்க, இத முடிச்சிடுறேன். வெள்ளிக்கெழம நீங்க எழுதல. கேப்டன் நடுக்கடல்ல நிக்கிறாரு, பாய விரிச்சபடி. எவ்ளோ நேரந்தான் நிப்பாரு மனுஷன்? நானே கரைக்குக் கொண்டாந்துட்டேன். கொண்டாந்தவர சும்மா விட முடியுமா? சத்திரக்காரியக் கட்டி வச்சிட்டேன். ரெட்டப் புள்ள. கப்பல வித்தாச்சு, இப்ப சத்திரத்துக் கல்லாவுல உக்காந்திருக்காரு. குடும்பம்னு ஒண்ணு ஆயிட்டா ஆளு எங்கயும் போக மாட்டாரு பாருங்க! எப்படி என் ஐடியா?

ஏன் எந்திரிக்கிறீங்க? கெரேத்தா சாவி எதுக்கு? ஓ, கார் பார்க்கிங் பாக்கவா... சரி சரி, சீக்கிரம் வாங்க, ரொட்டி சானாய் வந்துரும். தம்பி! அந்தப் பக்கம் இல்ல... அட, கெளம்பியே போறாரே!

யாரது மெசேஜ்... டெலிகிராமா?

'ஐமான் குழுவிலிருந்து வெளியேறினார்.'

ம்ம். அழகுதான். கட்டுன பொண்டாட்டி, பச்சப் புள்ளைங்க, ஒருத்தரையும் நெனச்சுப் பாக்கல.

போகட்டும். கேப்டன் இன்னும் கல்லாவுலதானே உக்காந்திருக்காரு, அவரு எங்க போயிடுவாரு? தம்பி சொல்ல வந்ததயும் நானே எழுதிடுறேன்: "மன்னிச்சிருங்கக்கா, இனிமே ஒழுங்கா வர்றேன்."