முழுக்கை டீச்சருக்கு நான் சொல்லாத பதில்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமை ஆசிரியர் அவர்களே, என் அக்காவோடு பணியாற்றிய ஆசிரியப் பெருமக்களே, கடைசிவரை அவளைக் கவனித்துக்கொண்ட மருத்துவர் அம்மா அவர்களே, என் வயலில் இலை பறிக்கும் தாய்மார்களே, அவளிடம் படித்த பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் அவளை நல்லாசிரியை என்றார்கள். நீங்கள் எல்லோரும் அவளை முழுக்கை டீச்சர் என்பீர்கள். வீடு வீடாகப் போய்ப் பழைய முழுக்கைச் சட்டைகளைக் கேட்டு வாங்கி, புகையிலை வயலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டவள் அல்லவா! எத்தனையோ விவசாயிகள் அவள் பேச்சைக் கேட்டார்கள். கடைசிவரை கேட்காத விவசாயி யார்? அவள் கூடப்பிறந்த தங்கை, நான்தான்!

எங்கள் அப்பாவுக்கு ஆறு ஏக்கர் புகையிலை. ஆளென்றால் நாங்கள் இருவரும்தான். அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு. வெயில் ஏறினால் இலை துவண்டுவிடும் என்று, பனி காயும் முன்பே எங்களை இறக்கிவிடுவார். அடி இலை பறிக்கக் குனிந்து உள்ளே போனால், மேல் இலையின் ஈரமெல்லாம் எங்கள்மேல்தான். பிசின் கையில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். சோப்புக்கு அசையாது, பச்சைத் தக்காளியைப் பிழிந்து தேய்த்தால்தான் விடும். அந்தக் கையைப் பார்த்து வகுப்பில் பக்கத்துப் பிள்ளை நகர்ந்து உட்காரும். அக்கா இடைவேளையில் வாசலில் வந்து நின்று ஒரு முறை முறைப்பாள். அந்தப் பிள்ளை மறுபடி ஒட்டி உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு நாள் அக்கா எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் உரச் சாக்கைக் கழுவி எடுத்து வந்தாள். தலைக்கு ஒன்றும் கைக்கு இரண்டுமாக ஓட்டை வெட்டி எனக்கு மாட்டிவிட்டாள். கைகளில் அப்பாவின் பழைய காலுறை. நடமாடும் உர மூட்டை நான்!

"உனக்கு எங்கேக்கா?"

"எனக்கு வேர்க்கும். நீ போட்டுக்கோ."

அப்பா தலை தெரிந்தால் கழற்றி ஒளித்துவிடுவாள். சாக்கு உரசி இலை கிழியும் என்று அவர் பிடுங்கிவிடுவார். என் சட்டை அழுக்காகாமல் இருக்கத்தான் இதெல்லாம் என்று நினைத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அக்காவுக்குத் தலை சுற்றும். வரப்பில் உட்கார்ந்து, குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுப்பாள். அப்பா என்னைக் காட்டுவார்.

"இவ உன்னைவிடச் சின்னவ. இவளுக்கு ஒண்ணும் ஆகலை. உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

நான் சும்மா இருந்தேனா? "ஆமாப்பா, அவ நடிக்கிறா!" என்றேன். அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்ப் பறித்தாள்.

அவள் படித்து ஆசிரியை ஆனாள். வயல் எனக்கு வந்தது. பதினெட்டு ஆண்டுகள், ஒவ்வொரு பறிப்புக்கும் என் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டாள்: "பிள்ளைங்களை ஈர இலைக்குள்ள இறக்காதேடி." ஒவ்வொரு முறையும் நான் என்ன சொன்னேன்? "நானும்தான் பறிச்சேன். எனக்கென்ன ஆச்சு? கல்லு மாதிரி இருக்கேன்!" என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை மதியம், மருத்துவமனையில் அவள் கட்டிலருகே உட்கார்ந்தும் அதையே சொன்னேன். வாந்தியெல்லாம் அவளுக்குத்தான், எனக்கு வந்ததே இல்லை என்று பெருமையடித்தேன். மருத்துவர் அம்மா, சீட்டு எழுதிக்கொண்டிருந்த நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். "ஈர இலையோட நஞ்சு தோல் வழியா இறங்கினா அப்படித்தான் வரும். நீங்க என்ன போட்டுக்கிட்டுப் பறிச்சீங்க?" என்றீர்கள்.

"உரச் சாக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது; அக்காவைப் பார்த்தேன். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏன்க்கா சொல்லலை?"

"நனைஞ்சாத்தான் தலை சுத்துதுன்னு எனக்கு அப்பவே தெரியும். சொன்னா அப்பா சாக்கைப் பிடுங்கியிருப்பாரு."

"அப்பா போய் இருபது வருஷம் ஆச்சே! என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா எனக்காக நிறுத்துவே. அந்தப் பிள்ளைங்களுக்காக நீயா நிறுத்துவேன்னு பார்த்தேன்."

நான் அழுதுகொண்டே வெளியே ஓடினேன். திரும்பிப் போய், "சரிக்கா, நிறுத்திடறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நாளைக்கு நிதானமாகச் சொல்லலாம் என்று வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை, பறிப்பைத் தொடங்கிவைத்துவிட்டுப் போகலாம் என்று முதலில் வயலுக்குப் போனேன். ஏழு பிள்ளைகள் ஈர இலைக்குள் நின்றிருந்தார்கள். இன்றைக்கு ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன். நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா! என் நெஞ்சு தாங்கவில்லை அக்கா!

இந்தச் சபையின் முன் சொல்கிறேன். இனி என் வயலில் ஒரு பிள்ளையும் இலை பறிக்காது. பெரியவர்களும் ஈரம் காய்ந்த பிறகே இறங்குவார்கள். இலை துவண்டால் துவளட்டும்! இன்னும் பிள்ளைகளை இறக்கும் விவசாயிகளின் வாசலில், அவள் நின்றதுபோல் நான் போய் நிற்பேன். அவர்கள் சொல்லப்போகும் பதில்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

தாய்மார்களே, என் வாக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள். நாளைக் காலையில் என் வயலில் ஒரு பிள்ளையைக் கண்டால், நேரே என் வீட்டுக்கு வாருங்கள். வாசலில் நின்று என்னைத் திட்டுங்கள். உரிமையோடு என்னைத் திட்ட இருந்த ஒருத்தியும் போய்விட்டாள்.